ரத்துநாதர்

“அடுத்த மாசத்துலேர்ந்து இந்த ஓடிடி எல்லாம் கட்!” என்று மாதம் தவறாமல் அறிவிக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பார். இல்லாவிட்டால் எதிர் ஃபிளாட்டில் இருப்பார். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். அலுவலகத்தில் அவருக்குக் கீழே ஏழெட்டுப் பேர். வீட்டில் அவருக்குக் கீழே தரைதான். பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் எதுவாகவும் இருக்கட்டும், சந்தா விஷயத்தில் அவர் திருநாமம் ரத்துநாதர். ரத்து செய்யப்போவதாகச் சொல்வதோடு அவர் கடமை முடிந்துவிடும்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். கையில் செல்போன், அதில் கால்குலேட்டர். “மாசம் 199. வருஷத்துக்கு 2,388. நம்ம வீட்ல நாலு ஆப். ஆக 9,552. பத்து வருஷத்துக்கு…” இந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். “95,520 ரூபா! ஒரு ஸ்கூட்டர் போகுது வீட்டை விட்டு!” ஸ்கூட்டர் போவதை மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். ஞாயிறுதோறும் வருகிற மட்டன் பிரியாணியையும் பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்களேன் என்று அவர் கேட்கலாம். கேட்பதில்லை. அதனால்தான் குடும்பம் ஓடுகிறது.

அவர் இதில் மாட்டிக்கொண்டது 2020இல். ஊரடங்கு, தியேட்டர் கிடையாது. நவம்பர் 12ஆம் தேதி ‘சூரரைப் போற்று’ அமேசான் பிரைமில் வந்தது. மகன் சூர்யா ரசிகன், சேர்ந்தார். இரண்டே நாளில் தீபாவளி, ஹாட்ஸ்டாரில் ‘மூக்குத்தி அம்மன்’. அம்மா கேட்டார். சாமி விஷயத்தில் கணக்குப் பார்க்கலாமா? சேர்ந்தார். அடுத்த வருடம் ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் ‘ஜகமே தந்திரம்’. மகள் தனுஷ் கட்சி. சேர்ந்தார். நாலாவது ஆப் எதற்காக வந்தது என்று கேட்டால், வீட்டில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். பிறகு தியேட்டர்கள் திறந்தன, பள்ளிக்கூடங்கள் திறந்தன, எல்லாம் பழையபடி ஆயிற்று. அவருடைய வங்கிக் கணக்கு மட்டும் இன்னும் ஊரடங்கிலேயே இருக்கிறது.

ரத்து செய்வதில் முன் அனுபவம் இல்லாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. பேப்பர் போடுகிற பையனிடம், “அடுத்த மாசம் வேண்டாம்ப்பா” என்று பல காலம் சொல்லிப் பழகியவர். கேபிள்காரரிடம், “இந்த மாசத்தோட கட் பண்ணிடுங்க, யார் பார்க்கிறா?” என்பார். இருவருமே “சரி சார்” என்பார்கள். மறுநாள் காலை வாசலில் பேப்பர் விழும். அடுத்த மாதம் கேபிள்காரர் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பார். இவரும் ஒன்றுமே சொல்லாதவர் போலப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். சொல்வதற்கு ஒருவர், அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இன்னொருவர் என்று அமைந்த அந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்கசப்பு வந்ததில்லை. ஆப்புக்கு இந்த நாகரிகம் போதாது. வேண்டாம் என்று அழுத்தினால், நிஜமாகவே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டுவிடும்! அவருடைய பயமெல்லாம் அதுதான்.

மாதத்தில் ஒரு நாள் அவருக்கு விசேஷம். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்: இன்ன தேதியில் உங்கள் கணக்கிலிருந்து 199 ரூபாய் எடுக்கப்படும். வங்கி தன் நல்ல மனசால் இதை அனுப்பவில்லை. ரிசர்வ் வங்கியின் விதி அது. மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கிற ஏற்பாடு என்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் சொல்லியாக வேண்டும், விலகிக்கொள்ளவும் வழி விட வேண்டும் என்ற இந்த விதிமுறை 2021 அக்டோபர் 1 முதல் கறாராக நடைமுறைக்கு வந்தது. நாலு நிமிட வேலைக்கு 24 மணி நேரம் தாராளம்தான். ஆனால் ரத்துநாதர் வீட்டில் அது குடும்பக் கூட்டத்துக்கே பற்றாது.

“இந்த ஆப்பை யார் பார்க்கிறீங்க? கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழாது.

“அப்போ எடுத்துடறேன்.”

“ஐயோ அப்பா, அதுல எனக்கு ஒரு கொரியன் சீரியல் பாதியில நிக்குது. பதினாறு எபிசோட்ல பதினொண்ணு முடிச்சிட்டேன்.”

“எப்போ பார்த்தே?”

“பிளஸ் டூ லீவுல.” அவள் இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு.

பூஜையறையிலிருந்து அம்மாவின் குரல் வரும். “ஏண்டா, அதுலதானே பழைய சிவாஜி படமெல்லாம் போடறான்?”

“அது வேற ஆப்மா.”

“எதுவோ. அதை மட்டும் எடுத்துடாதே.”

மகன் வாயே திறக்கமாட்டான். பாஸ்வேர்டை நண்பர்களுக்கு வாரி வழங்கியவன். 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ், ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று இந்தியாவிலும் கதவைச் சாத்திவிட்டதால், நட்பு வட்டத்தில் அவன் மரியாதை மிச்சமுள்ள மூன்று ஆப்களை நம்பி நிற்கிறது.

கடைசியாக மனைவி பேசுவார். “ஏங்க, எடுக்கறதுன்னா எடுங்க. சும்மா சொல்லிக்கிட்டே இருக்காதீங்க.”

அவரைப் புண்படுத்துகிற ஒரே வாக்கியம் இது.

அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு ஹாலில் தனியாக உட்காருவார். ரத்துநாதர்களில் கற்றுக்குட்டிகள் சிலர் உண்டு. போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டு, சந்தா ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆப்தான் ஒழியும், சந்தா இருக்கும். பணமும் போய்க்கொண்டிருக்கும், படமும் பார்க்க முடியாது. நம்மவர் விவரமானவர். நேராக அக்கவுண்ட் பக்கத்துக்குள் நுழைந்து, மெம்பர்ஷிப் என்பதைத் தொட்டு, பக்கத்தின் அடிவாரத்தில் ஒளிந்திருக்கும் ரத்துப் பொத்தானைக் கண்டுபிடித்துவிடுவார்.

அதற்கப்புறம்தான் வினை. சொந்தக்காரர் வீட்டிலிருந்து கிளம்புவதைப் போல ஆகிவிடும். எழுந்தால் “அதுக்குள்ளயா?”, செருப்பைத் தேடினால் “ஒரு வாய் காபி”, கேட் வரைக்கும் வந்துவிட்டால் “குழந்தைங்களுக்கு முறுக்காவது எடுத்துக்கிட்டுப் போங்க”.

முதல் திரை: நீங்கள் போனால் இதையெல்லாம் இழந்துவிடுவீர்கள். கீழே வரிசையாகப் படங்கள். அவர் தள்ளிவிட்டுப் போகவேண்டியதுதானே? போகமாட்டார். ஒவ்வொன்றாகப் பார்ப்பார். “அட, இது எப்போ வந்துச்சு?” இரண்டாம் திரை: ரத்தெல்லாம் எதற்கு, ஒரு மாதம் நிறுத்தி வையுங்களேன். நியாயமாகத்தான் படும். மூன்றாம் திரை: உங்களுக்கு மட்டும் மூன்று மாதத்துக்குப் பாதி விலை. ‘உங்களுக்கு மட்டும்’ என்று அவரிடம் யாராவது பேசிப் பல வருடம் ஆகிறது. மனசு இளகும். ஒவ்வொரு திரையிலும் ‘இங்கேயே இருக்கிறேன்’ என்ற பொத்தான் பெரிதாக, நீலமாக, விரல் பட்டாலே பிடித்துக்கொள்கிற இடத்தில் இருக்கும். போகிற வழி, நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினால்தான் தெரிகிற எழுத்தில் சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

அத்தனையும் தாண்டி நாலாம் திரைக்கு வந்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். ஏன் போகிறீர்கள்? விலை அதிகம், பார்க்க நேரமில்லை, தொழில்நுட்பக் கோளாறு, பிற. ஏதாவது ஒன்றைத் தொட்டால் கதை முடிந்தது. அவர் தொடுவது ‘பிற’. ஒரு பெட்டி திறக்கும். தட்டத் தொடங்குவார்: “ஐயா, வணக்கம். நான் கடந்த ஐந்து ஆண்டுகளாகத் தங்கள் சந்தாதாரர். தங்கள் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும் படங்களில் வசனம் மெதுவாகவும் பாட்டு மட்டும் பயங்கரச் சத்தமாகவும்” — இத்தோடு பெட்டி நிரம்பிவிடும். இன்னும் விஷயத்துக்கே வரவில்லை. சுருக்கலாம் என்றால் ‘ஐயா’வை எடுக்க மனசில்லை, ‘வணக்கம்’ போனால் மரியாதையில்லை. அடித்து அடித்து எழுதுவதற்குள் பன்னிரண்டரை ஆகிவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார். காலையில் அவர் பல் தேய்ப்பதற்குள் 199 ரூபாய் கிளம்பிப் போயிருக்கும்.

பழி முழுவதையும் அவர் தலையில் போடுவதும் பாவம். கிளம்புகிறவரை மறிப்பது ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் பாதைக்கு அமேசான் தனக்குள் வைத்துக்கொண்டிருந்த பெயர் ‘இலியட்’. பத்து வருடம் இழுத்த டிராய் போரைப் பற்றிய ஹோமரின் காவியம்! நாலு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகள் என்று அந்தப் பாதையை எண்ணிச் சொல்லி, ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. இந்தச் செய்தியைப் படித்த அன்று ரத்துநாதர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! வல்லரசு நாட்டுக்காரனே வாசல் தெரியாமல் சுற்றியிருக்கிறான்.

நம் ஊரிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் இணையத் தந்திரங்கள் பதின்மூன்றைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. சேர ஒரு தட்டு, விலக ஒன்பது தட்டு என்று வைப்பது ‘சப்ஸ்கிரிப்ஷன் டிராப்’. ‘வேண்டாம், காசை மிச்சம் பிடிக்க எனக்கு விருப்பமில்லை’ என்று நம் விரலாலேயே நம்மைத் திட்டவைப்பது ‘கன்ஃபர்ம் ஷேமிங்’. ரத்துநாதருக்குப் பதின்மூன்றும் மனப்பாடம். அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். அந்தப் பதின்மூன்றும் அவரை ஒன்றும் செய்துவிட முடியாது. அவரிடம் செல்லுபடியாவது பதினான்காவது: கெஞ்சினால் போதும்.

இதற்குச் சாட்சி எதிர் ஃபிளாட்டில் இருக்கிறது. அந்த வீட்டம்மா ஒரு நாள் போனோடு வந்தார். “சார், எதையோ அமுக்கிட்டேன் போலிருக்கு. மாசாமாசம் காசு போகுது.” ரத்துநாதர் கண்ணாடியை இறக்கினார். குரலே மாறிவிட்டது.

“எங்கே சேர்ந்தீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல. சேர்ந்த வாசல் வழியாத்தான் வெளியே வர முடியும். அவங்க ஆப்லயே சேர்ந்திருந்தா அவங்க அக்கவுண்ட் பக்கம். பிளே ஸ்டோர் வழியா சேர்ந்திருந்தா, பிளே ஸ்டோர்ல மேலே உங்க போட்டோவைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஐபோன்னா செட்டிங்ஸ்ல உங்க பேரைத் தொடணும்.”

பேசிக்கொண்டே விரல் ஓடியது. திரைகள் வந்தன, கெஞ்சின. இழப்பீர்கள் என்றன, பாதி விலை என்றன. ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை. ‘ஏன் போகிறீர்கள்’ என்றதற்கு, முதலில் கண்ணில் பட்ட காரணத்தைக் குத்தினார். முடிந்தது. அத்தோடு விடாமல் யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் நிற்கிறதா என்று பார்த்து, அதையும் எடுத்தார்.

“கேன்சல் ஆனதுக்கு மெயில் வரும், அழிச்சிடாதீங்க. கட்டின காசுக்குப் பொதுவா அந்த மாசம் முடியற வரைக்கும் ஓடும். அதனால கடைசி நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆமா, உங்க பிராட்பேண்டுலயே இந்த ஆப் ஃப்ரீயா வருதேம்மா! ரெண்டு தடவை கட்டியிருக்கீங்க!”

எல்லாம் சேர்த்துக் காபி ஆறுவதற்குள். அடுத்தவர் போனில் வருகிற கெஞ்சல் அவரைக் கெஞ்சவில்லை அல்லவா?

காபி கொண்டுவந்த மனைவி இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கணவர் குளிக்கப் போன சமயம், அவருடைய போனை எடுத்துக்கொண்டு எதிர் ஃபிளாட்டுக்குப் போனார். முந்தின நாள் கற்ற வித்தை அந்த அம்மாவுக்கு மறக்கவில்லை. ரத்துநாதர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள், நாலாவது ஆப்பும் அதற்குத் துணையாக இன்னொன்றும் காலி.

அடுத்த மாதம் அந்தத் தேதி வந்தது. குறுஞ்செய்தி வரவில்லை. ரத்துநாதர் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். போனை அணைத்துப் போட்டார். சாயங்காலம் வங்கி ஆப்பைத் திறந்து கணக்கைப் புரட்டினார்.

“நான்தாங்க எடுத்தேன்,” என்றார் மனைவி. “நீங்க அஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தீங்களே.”

கையில் காசு நின்றதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர், ஏதோ பறிகொடுத்தவராக சோபாவில் உட்கார்ந்தார். பாவம், 199 ரூபாயை அவர் படம் பார்ப்பதற்காகவா கட்டிவந்தார்? அவர் கூப்பிட்டு அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஹாலுக்கு வருகிற கூட்டம் மாதத்தில் அது ஒன்றுதான். அவர் முடிவுக்காக நாலு பேர் வாதாடுகிற சபையும் அது ஒன்றுதான். அந்தக் கட்டணத்துக்கு அது கொள்ளை மலிவு. அன்று இரவு யாரும் வாதாடவில்லை. கொரியன் சீரியலின் மிச்ச ஐந்து எபிசோடைப் பற்றி மகள்கூட மூச்சுவிடவில்லை.

ஒரு வாரம் பொறுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“புதுசா ஒரு ஆப் வந்திருக்கு. முதல் மாசம் ஒரு ரூபாதான். சேர்ந்து வைப்போம். பிடிக்கலேன்னா மாசம் முடியறதுக்குள்ள கேன்சல் பண்ணிடலாம். அதை நான் பார்த்துக்கறேன்.”