பதினைந்து ரூபாயும் பதினெட்டு சதவீதமும்

ரயில் டிக்கெட்டை மலிவாக வாங்குவது எப்படி என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் அவரைப் பெரியப்பாவிடம் அனுப்பிவிடுவோம். கேட்டவர் அன்றைக்கு எந்த வண்டியையும் பிடிக்க மாட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர் பெரியப்பா. ஓய்வுக்குப் பிறகு அந்தப் பேனா ரயில்வேயின் பக்கம் திரும்பிவிட்டது.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் நம்மைவிட இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கொடுத்துவிட்டு நம் தோளிலேயே தூங்குவார். சாதாரண எக்ஸ்பிரஸ் ரயிலில் அந்த வயிற்றெரிச்சலுக்கு வழியில்லை. அதே வண்டி, அதே வகுப்பு, அதே தூரம் என்றால் கட்டணமும் அதேதான். இரண்டு மாதம் முன்னால் வாங்கினாலும் சரி, முந்தின வாரம் வாங்கினாலும் சரி, பொதுக் கோட்டாவில் விலை மாறாது. ஆக, மலிவு தேடுகிறவனுக்கு இங்கே சந்து பொந்து ரொம்பக் குறைச்சல். இருக்கிற நாலு சந்திலும் பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

முதல் சந்து, தூரம். போகிற தூரம் கூடக்கூட, கிலோமீட்டருக்கான விலை இறங்கும். 1000 கிலோமீட்டருக்கு இரண்டு டிக்கெட் எடுப்பதைவிட 2000 கிலோமீட்டருக்கு ஒரே டிக்கெட் எடுப்பது மலிவு. இது தெரிந்த நாளிலிருந்து கிட்டத்து ஊர்கள்மேல் அவருக்கு மதிப்பே இல்லை. விழுப்புரம் சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். ஸ்லீப்பரில் ரிசர்வ் செய்தால் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்கான காசைக் கொடுத்தாக வேண்டும். “நான் போகாத 40 கிலோமீட்டருக்கு எதுக்குடா காசு? கிலோமீட்டர் கணக்கு பார்த்தா டெல்லி போறவன்தான் புத்திசாலி” என்பார். விழுப்புரத்தில் இருப்பது அவருடைய கூடப் பிறந்த தங்கை. டெல்லியில் எங்களுக்கு யாரும் கிடையாது.

இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய மாப்பிள்ளை ஒருமுறை போனில் அந்த ஊர்த் தந்திரத்தைச் சொன்னார். ஒரே பயணத்தை நடுவில் ஒரு ஸ்டேஷனில் வெட்டி இரண்டு டிக்கெட்டாக வாங்கினால் சில சமயம் மொத்த விலை குறையுமாம். அதே வண்டி, இறங்கி ஏறக்கூட வேண்டாம். அந்த ஸ்டேஷனில் வண்டி நின்றால் போதும், சட்டப்படி சரிதான். பெரியப்பா அன்று மத்தியானம் தூங்கவில்லை. சென்னை – காசி டிக்கெட்டை விஜயவாடாவில் வெட்டினார், நாக்பூரில் வெட்டினார், இட்டார்சியில் வெட்டினார். வெட்ட வெட்ட விலை ஏறிக்கொண்டே போயிற்று. தொலைதூரச் சலுகை துண்டு துண்டாகப் போனதோடு, ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்லீப்பரில் முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் 30 ரூபாய் தனித்தனியாக வேறு. சாயங்காலம் போன் போட்டு, “மாப்ளே, உங்க ஊர்ல கட்டணம் போடத் தெரியல” என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த 30 ரூபாய் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணத்தோடு அவருக்குத் தனிப் பகை உண்டு. சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொட்டால் அந்த வண்டி சூப்பர்ஃபாஸ்ட். “ஐம்பத்தஞ்சுக்குப் பேரு சூப்பரா? நம்ம பால்காரன் அதைவிட வேகமா வரான்.” ஆகவே திருநெல்வேலிக்குப் போவதென்றால் ராத்திரி கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸ் அவருக்கு ஆகாது. அதன் எண் 12631. பன்னிரண்டில் தொடங்கினால் 30 ரூபாய் போச்சு. குருவாயூர் எக்ஸ்பிரஸ் 16127, அதற்கு அந்தக் கட்டணம் இல்லை. காலையில் ஏறினால் ராத்திரிதான் இறங்க முடியும் என்று யாராவது முணுமுணுத்தால், “குறைஞ்ச காசுக்குப் பகல் பூரா உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறான், விடுவானேன்?” என்பார். அவர் கணக்கில் பயண நேரமும் வாங்குகிற சரக்கில் சேர்த்தி.

மூத்த குடிமக்கள் சலுகையைப் பற்றி அவரிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. 60 வயது ஆன ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 ஆன பெண்களுக்கு 50 சதவீதமும் கழித்துக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச் 20-ஆம் தேதியோடு அதை நிறுத்தினார்கள். பெரியப்பாவுக்கு அறுபது முடிந்தது அதே வருஷம் ஏப்ரலில். அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. ஊரடங்கில் அதுவும் நின்றுபோனது. எது நின்றதற்கு அதிகம் வருத்தப்பட்டார் என்று பெரியம்மா இன்றுவரை கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ராஜதானி, துரந்தோ, சதாப்தி வண்டிகளை அவர் திரும்பியே பார்ப்பதில்லை. 2016 செப்டம்பரிலிருந்து அவற்றில், பத்து சதவீத இடம் விற்றால் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும் என்று ஏற்பாடு. விமானத்தின் புத்தி ரயிலுக்கும் வந்துவிட்டது என்று அத்தோடு தலைமுழுகிவிட்டார். தட்கலை அவர் கட்டணமாகவே சேர்ப்பதில்லை, அபராதமாகத்தான் சேர்ப்பார். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, பயணத்துக்கு முந்தின நாள். ஸ்லீப்பரில் நூறிலிருந்து இருநூறு ரூபாய் வரை கூடுதல், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் பைசா திரும்பாது. முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் 60 நாளாகக் குறைத்தார்கள். ஆனாலும் சாவு 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்து வருவதில்லை. ஒருமுறை துக்கத்துக்காகத் தட்கல் எடுக்க வேண்டிவந்தபோது, ஓ.டி.பி. போனது அடுக்களையில் மாவரைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் போனுக்கு. கிரைண்டரை நிறுத்தி, கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடி அந்த ஆறு எண்ணையும் வாசித்து முடிப்பதற்குள் வண்டியில் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டிவிட்டது.

இணையத்தில் வாங்குவதே அவருக்குப் பிடிக்காது என்பது வேறு. ஏசி இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய் வசதிக் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 17 ரூபாய் 70 காசு. கவுன்ட்டரில் இது கிடையாது. கவுன்ட்டருக்குப் போக பஸ் காசு ஆகுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் பெரியப்பா நிற்கிறார். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. எனவே ரிசர்வேஷன் ஃபாரத்தை மணிமணியான கையெழுத்தில் நிரப்பி, பெரியம்மாவின் கையில் கொடுத்து மாம்பலம் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவார்.

திட்டத்தில் ஓட்டை இல்லை. ஒரே சங்கடம், மாம்பலம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு. பெரியம்மா திரும்பி வரும்போது டிக்கெட்டோடு இரண்டு நைட்டி, ஒரு எவர்சில்வர் வடிதட்டு, கைக்கு ஒரு முழம் மல்லிகை. அந்தச் செலவை ரயில் கணக்கில் எழுதுவதில்லை என்று பெரியப்பா தெளிவாக இருக்கிறார்.

இதையெல்லாம்விட அவருக்குப் பிரியமான விதி ஒன்று உண்டு. நெடுந்தூர டிக்கெட்டில் நடுவே இறங்கித் தங்கிப் போகலாம். 500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஒரு தடவை, 1000-க்கு மேல் என்றால் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நாள். எங்களை டெல்லிக்குக் கூட்டிப்போனபோது நாக்பூரில் இறக்கிவிட்டார். நாக்பூரில் என்ன வேலை என்று கேட்டதற்கு, “உரிமை இருக்குடா” என்றார். மே மாதம். ஆரஞ்சு சீசனும் முடிந்திருந்தது. ஸ்டேஷன் ரிடையரிங் ரூம் வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, ஆளுக்கொரு குடம் மோர் என்று போன செலவில் இன்னொரு தரம் டெல்லிக்குப் போய் வந்திருக்கலாம். ஊருக்குள் ஜீரோ மைல் கல்லைப் பார்க்க அழைத்துப்போனார். பிரிட்டிஷ்காரன் நட்டுவைத்த கல், அதில் பல ஊர்களுக்குத் தூரம் செதுக்கியிருக்கிறது. கொளுத்துகிற வெயிலில் மற்றவர்கள் நிழல் தேட, பெரியப்பா மட்டும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து மைலைக் கிலோமீட்டராக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைத் தாஜ்மகால் முன்னால்கூடப் பார்த்ததில்லை.

அதனால் காசி யாத்திரை என்றதும் சுற்றுப்பயண டிக்கெட் என்று ஆரம்பித்தார். சென்னையில் தொடங்கி காசி, கயை, ஹவுரா, பூரி வழியாகச் சென்னையிலேயே முடியும் ஒரே டிக்கெட். மொத்தத் தூரத்தைப் பாதியாக வகுத்து, இரண்டு பயணமாகக் கட்டணம் போடுவார்கள். எட்டு இடம் வரை இறங்கலாம். கோட்டத்தின் வணிகப் பிரிவு அலுவலகத்தில் பயணத் திட்டத்தைக் கொடுக்க வேண்டும். மனு எழுதியாகிவிட்டது. “எட்டு இடத்துல இறங்கினா எட்டு இடத்துலயும் மூட்டையை யார் தூக்குறது?” என்றாள் பெரியம்மா. மனு பீரோவுக்குள் போயிற்று.

கடைசியில் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் என்று முடிவானது. 2025 ஜூலையில் கிலோமீட்டருக்கு ஒரு பைசா ஏற்றியிருந்தார்கள். 2000 கிலோமீட்டருக்கு மேல் போகிற டிக்கெட்டில் ஆளுக்கு இருபது ரூபாய்க்கு மேல் வருகிறது. ஒரு பைசா நாணயத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று, ஆனால் விலை ஏற்ற மட்டும் அது புழக்கத்தில் இருக்கிறது. அதை ஈடுகட்ட என் பையனுக்கு அரை டிக்கெட். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பெர்த் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பாதிக் கட்டணம்தான். பையன் தாத்தாவோடு ஒரே பெர்த்தில் படுத்துக்கொள்வான் என்று ஏற்பாடு.

கடைசி அஸ்திரம் ஒன்று வைத்திருந்தார். மேல் வகுப்பில் இடம் காலியாக இருந்தால், முழுக் கட்டணம் கட்டியவர்களைக் கூடுதல் காசில்லாமல் அங்கே மாற்றுவது உண்டு. “சலுகையை எடுத்ததுல இது ஒரு லாபம்டா. இப்ப நான் முழுக் கட்டணக்காரன்.” கூட்டம் சின்னதாக இருந்தால் மாற்றுவது சுலபம் என்று பெரியம்மாவையும் என்னையும் ஒரு பி.என்.ஆரிலும், தன்னையும் பையனையும் இன்னொரு பி.என்.ஆரிலும் போட்டார்.

சார்ட் வந்தது. பெரியம்மாவுக்கும் எனக்கும் தேர்ட் ஏசி, பி2. பெரியப்பாவுக்கு எஸ்7, எழுதினபடியே.

நெல்லூர் வந்ததும் பிளாட்பாரம் வழியாக எங்கள் பெட்டிக்கு வந்துசேர்ந்தார். புளியோதரைத் தூக்கு பெரியம்மாவிடம் இருந்தது. இரண்டாவது கவளத்தில் டி.டி.இ. வந்து டிக்கெட் கேட்டார்.

“உங்க இடம் எஸ்7-ல இருக்கு சார்.”

“சம்சாரம் இங்க, சாப்பாடு இங்க. டிக்கெட் மட்டும்தான் சார் அங்க.”

அடுத்த ஸ்டாப்பில் போய்விடுங்கள் என்று சொல்லி அவர் நகர்ந்துவிட்டார். பெரியப்பா கையைக் கழுவி வந்து நோட்டை எடுத்தார். ஸ்லீப்பருக்கும் தேர்ட் ஏசிக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு பேருக்கு, ‘மிச்சம்’ என்ற தலைப்பின் கீழ் ஏறியது. பெரியம்மா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தலையணையும் கொடுத்திருக்கிறான் என்றாள். அது கட்டணத்திலேயே சேர்த்தி, தனியாக எழுத முடியாது என்று விளக்கிவிட்டுக் கிளம்பினார். பையனைப் பார்க்க நானும் கூடவே போனேன். எஸ்7-ல் அரை டிக்கெட் முழு பெர்த்தையும் பிடித்துக் குறுக்கே படுத்திருந்தது.