கோச்சி ஏறப்போற கொம்பனிக்கு மூத்தாப்பாட புத்திமதி

மக்காள், டிசம்பர் லீவுக்குக் கோச்சியில டூர் போகப் போறீங்களாம். பள்ளிச் சந்தி முழுக்க இதுதான் கதை. முப்பது பேராம், ஒரே நிறத்தில ரீசேர்ட்டாம், முதுகில ஊர்ப் பேராம், போற இடம் எல்லவாம். மாஷா அல்லாஹ், கேக்கவே காது குளிருது. ஆனா ஒரு சின்னக் கணக்கு இடிக்குது. ஒலுவில்ல கோச்சி இல்ல. கல்முனையில இல்ல, அக்கரைப்பற்றில இல்ல, பொத்துவில்லயும் இல்ல. அம்பாறைக் கரை முழுக்கத் தேடினாலும் ஒரு முழத் தண்டவாளம் கிடைக்காது. நம்மட பக்கத்துக்குக் கோச்சி வாறது தேர்தல் மேடையில மட்டும்தான். வோட்டு எண்ணி முடிஞ்ச கையோட அது திரும்பிப் போயிரும்.

மர்ஹூம் அஷ்ரப் அமைச்சரா இருந்த காலத்தில ஊருக்குக் கெம்பஸ் வந்திச்சு. துறைமுகத்துக்கும் அவர்தான் எண்ணம் வெச்சார். 2000 ஆம் ஆண்டு போய்ச் சேர்ந்திட்டார். இருந்திருந்தா தண்டவாளமும் கேட்டிருப்பார். துறைமுகத்தை 2013ல திறந்தாங்க. கப்பலுக்குப் பதிலா மண் வந்து வாயை அடைச்சிச்சு, கடல் வந்து கரையைத் தின்னிச்சு. இனிக் கோச்சி வராத ஸ்டேசன் ஒண்டும் கட்டித் தந்தாங்க எண்டா நம்மட ஊருக்குச் சோடி சரியாகும்.

சரி, எல்லவுக்கு வருவம். அது நம்மட ஊருக்கு மேற்கால, மலையில கிடக்கு. பஸ்ஸில விடியக் காலம் ஏறினா பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். இல்ல, கோச்சியிலதான் போகணும் எண்டு நிய்யத் வெச்சிட்டீங்க எண்டா வழியைக் கேளுங்க. முதல்ல வடக்கால மட்டக்களப்புக்குப் பஸ். அங்க இருந்து மாஹோ வரைக்கும் ஒரு கோச்சி. மறுகா தெற்கால பொல்காவலை. அங்க இறங்கிப் பதுளைக் கோச்சியில இடம் பிடிச்சு, நுவரெலியா மலையெல்லாம் ஏறி, திரும்பக் கிழக்கால வந்து எல்லயில இறங்கணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை. அதுவும் இடம் கிடைச்சாத்தானே? எல்லக் கோச்சி டிக்கட் இணையத்தில வந்த உடனே காணாமப் போன கதையும், அதைக் கறுப்பில கூட்டி வித்த ஆக்களைப் பொலிஸ் பிடிச்ச கதையும் 2025ல பேப்பர் முழுக்க வந்திச்சு. அப்படியும் போய்ச் சேர்ந்தா, ஒன்பது வளைவுப் பாலத்தில பாலம் தெரியாது. படம் பிடிக்கிற ஆக்கள்ற முதுகுதான் தெரியும்.

எல்லவை விடுங்க மக்காள். அதுக்கு உங்களை விட்டாலும் ஆக்கள் நிறைய இரிக்காங்க. மட்டக்களப்புக் கோச்சியில ஏறி, பேர்ப் பலகையை மட்டும் பார்த்திட்டுப் போற ஊர்களில இறங்கிப் பாருங்க. அதுக்கு இதை விட நல்ல காலம் கிடைக்காது. வெள்ளைக்காரன் நாட்டில குளிர்காலம் வந்தாப் பனி கொட்டும். அவன் கோச்சியேறி நத்தார்ச் சந்தைக்குப் போவான். ஜேர்மனியில ட்ரெஸ்டன் எண்ட ஊர்ல 1434 ஆம் ஆண்டில இருந்தே அப்படியொரு சந்தை நடக்குதாம். நமக்குக் குளிர்காலம் எண்டா மாரி. சந்தைக்குப் போனா முழங்கால் தண்ணி. ஆனா இந்த மாரியிலதான் அந்தக் கோச்சிப் பாதை முழுக்கப் பச்சை. பெரும்போக வயல் ரெண்டு பக்கமும் கிடக்கும், குளமெல்லாம் நிரம்பி நிக்கும். கச்சான் காத்துக் காலத்தில அதே பாதையில போனா புழுதியும் காஞ்ச பத்தையும்தான்.

நல்ல புத்தி சொல்லிட்டன். நீங்க கேக்க மாட்டீங்க எண்டும் தெரியும். உங்கட டூர் எப்படி நடக்கும் எண்டதையும் நானே சொல்லிடுறன், நீங்க போய் அலைய வேண்டிய தேவை இல்ல.

பஸ் களியோடைப் பாலம் தாண்ட முந்தியே ஒருத்தனுக்குப் பசிக்கும். நிந்தவூர்ல ஒருத்தன் மாமி வீட்டை எட்டிப் பார்த்திட்டு வாறன் எண்டு இறங்குவான். சாய்ந்தமருதில ஒருத்தனுக்குக் கடன் வாங்குற வேலை இரிக்கும். கல்முனையில எல்லாருக்கும் ரீ. கல்லடிப் பாலத்தில நின்று படம் பிடிச்சு முடிக்கக்குள்ள கோச்சி வந்தாறுமூலையைத் தாண்டியிருக்கும். அடுத்த கோச்சிக்கு ஸ்டேசன்ல பாய் விரிச்சுப் படுப்பீங்க.

மூண்டு பேர் பயணம் போனாலும் ஒருத்தரை அமீரா வைக்கச் சொன்ன நபி வழி நமக்கு இரிக்கி. அதை நம்மட ஆக்கள் நல்லாப் பேணுவாங்க: முப்பது பேருக்கு முப்பத்தொரு அமீர். கூடின ஒருத்தர் வட்சப்பில, கட்டார்ல இருந்துகொண்டு ஜன்னலைப் பூட்டு எண்டு சத்தம் போடுறவர். பயணத்தில நாலு ரக்அத்தை ரெண்டாச் சுருக்கலாம் எண்ட சலுகை மட்டும் டிக்கட் எடுக்க முந்தியே எல்லாருக்கும் ஞாபகம் வந்திரும்.

கடைசியில ஏறிடுவீங்க. கிடாரம் ஏறும், சஹன் ஏறும், தலகாணி ஏறும், பாட்டுப் பெட்டி ஏறும். முப்பது பேரும் ஒரே பெட்டிக்குள்ள. அதோட அது ஒலுவில் சந்தி ஆகிரும். ஏறாவூர் வரைக்கும் பள்ளி நிருவாகத் தெரிவு. வாழைச்சேனை வரைக்கும் யார்ர காணியை யார் எழுதினது. 1950களில கட்டின கடதாசி ஆலை பக்கத்தால போகும். ஒருத்தன் திரும்ப மாட்டான். ஓட்டமாவடியில ஒரு காலம் பஸ்ஸும் கோச்சியும் ஒரே பாலத்தாலதான் போச்சு, அங்கால மன்னம்பிட்டியில மகாவலிக்கு மேலயும் அப்படித்தான். கோச்சி வந்தா பஸ் கைகட்டி நிக்கும். இப்ப அந்தப் பழைய பாலத்துக்குப் பக்கத்தால புதுப் பாலம் கிடக்கு. அதைப் பார்க்கிற நேரம் நீங்க மாமிட மகன்ட கல்யாணக் கணக்குப் பார்ப்பீங்க.

இடையில புணானை வரும். ஆள் தின்ற சிறுத்தை ஒண்டை 1924ல கெப்டன் ஷெல்டன் ஏகார் எண்டவர் சுட்ட இடம். அது இப்பவும் பாடம் பண்ணிக் கொழும்பு மியூசியத்தில நிக்குது. அந்தச் சிறுத்தைக்காவது புணானைப் பாதையால போற ஆக்கள்ள ஒரு அக்கறை இருந்திச்சு. உங்களுக்குப் புணானையும் ஒண்டுதான், பொல்காவலையும் ஒண்டுதான்.

மறுகா கல்ஓயாச் சந்தி. நம்மட வயலுக்கு இங்கினியாகலத் தண்ணி இங்க இருந்தா வருது எண்டு ஒருத்தன் கட்டாயம் கேப்பான். இல்ல மனே, அது வேற கல்ஓயா. இது திருகோணமலைக்குப் பாதை பிரியிற இடம். இந்தக் காட்டுக்குள்ள கோச்சி ஊரும். சுணங்கிட்டு எண்டு கார்ட்டோட சண்டைக்குப் போகாதீங்க. 2025 பெப்ரவரியில ஹபரணைப் பக்கம் பயணிகள் கோச்சி மோதி ஆறு யானை செத்துப்போச்சு, கோச்சியும் தடம் புரண்டிச்சு. யானைக்கு டைம் டேபிள் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பொறுக்க வேண்டியது நீங்கதான். மின்னேரியாவில யானைக் கூட்டம் பார்க்கணும் எண்டு டிசம்பர்ல அடம் பிடிக்கவும் வேணாம். குளம் வத்துற ஓகஸ்ட், செப்டம்பர்லதான் அதுகள் அங்க கூடும். மாரியில குளம் நிறைஞ்சிரும், அதுகள் தங்கட டூருக்குப் போயிரும்.

இப்படியே கொழும்புக் கோட்டை ஸ்டேசன்ல இறங்கி, புறக்கோட்டையில ரெண்டு சாரன் வாங்கிக்கொண்டு வருவீங்க. மருதமுனைத் தறியில நெய்யிற சாரனை விட்டிட்டு அங்க போய் வாங்குற. வந்து, “கொழும்பு பார்த்தம்” எண்டுவீங்க. ஒரு வழிக்குச் சுமார் 350 கிலோமீற்றர், எட்டு ஒன்பது மணித்தியாலம், ஒலுவில்லுக்குள்ளயே இருந்து ஒலுவில்லப் பத்திக் கதைச்சுக்கொண்டு போய் வந்திருக்கீங்க. அதுக்கு டிக்கட் காசு என்னத்துக்கு? சந்தி வாங்கில இருந்தாலே காணும்.

இனி நக்கலை விட்டிட்டுச் சொல்றன், கேளுங்க.

பொலன்னறுவை ஸ்டேசன் இரிக்கிறது பழைய நகரத்தில இல்ல, கதுறுவெலயில. நம்மட ஆக்கள்ற கடைகளும் நிறைய உள்ள ஊர். அங்க இறங்கி ரீ குடிச்சிட்டுப் பழைய நகரத்துக்குப் போங்க. சோழர் காலத்துச் சிவன் கோயில் கல்லில தமிழ் எழுத்துக் கிடக்கு. புத்தர்ட தந்தத்தைக் காக்கிற பொறுப்பெடுத்த வேளைக்காரப் படை வெட்டி வெச்ச கல்வெட்டும் தமிழ்தான். எல்லாம் பல நூறு வருஷத்துக்கு முந்தினது. உங்கட ரீசேர்ட்டில உள்ள தமிழை விட அதுல பிழை குறைவு.

அங்கால கலாவெவ. தாதுசேன மன்னன் அஞ்சாம் நூற்றாண்டில கட்டின குளம். அதுல இருந்து அனுராதபுரத்துக்குப் போற ஜயகங்கை வாய்க்கால், தொடக்கத்தில மைலுக்கு ஆறு அங்குலம்தான் சரியுதாம். நம்மட வயல் வரம்பில மட்டம் பார்க்கத் தெரிஞ்சவனுக்கு இது எவ்வளவு பெரிய வேலை எண்டு விளங்கும். போடியாரோட தண்ணிக்குச் சண்டை பிடிச்சவன் ஒருத்தன் அந்த வாய்க்கால் கட்டில நின்று பார்க்கணும்.

எல்லாத்திலயும் மேலான இடம் மாஹோ. கோச்சி மாறுறதுக்கும் மூத்திரம் பெய்யிறதுக்கும் தவிர நம்மட ஆக்கள் அங்க இறங்கினதே இல்ல. ஸ்டேசன்ல இருந்து கொஞ்சத் தூரத்தில யாப்பகுவைக் கோட்டை. பதின்மூண்டாம் நூற்றாண்டில முதலாம் புவனேகபாகு இருந்து ஆண்ட பாறை. படிக்கட்டில கல்லுச் சிங்கம் நிக்கும். அந்த மன்னன் 1283ல எகிப்து சுல்தான் கலாவூனுக்குத் தூது அனுப்பினான். முத்து இரிக்கி, மாணிக்கம் இரிக்கி, கறுவா இரிக்கி, வாங்க வியாபாரம் செய்வம் எண்டு கெய்ரோ வரைக்கும் செய்தி போச்சு. தூதுக்குத் தலைவராப் போனவர் யார் தெரியுமா? அபூ உத்மான் எண்ட ஹாஜியார். சிங்கள மன்னன் நம்பி அனுப்பின முஸ்லிம் ஆள். எழுநூறு வருஷத்துக்கு முந்தி, கோச்சியும் இல்லாம வட்சப்பும் இல்லாம ஒருத்தர் மாஹோப் பக்கம் இருந்து கெய்ரோ போய்ச் சேர்ந்திருக்கார். நீங்க ஒலுவில்ல இருந்து மாஹோவில இறங்கப் பஞ்சிப்படுறீங்க.

போற இடத்தில நாலு வார்த்தை சிங்களம் கதைங்க. பிழையாக் கதைச்சாலும் சிரிச்சுக்கொண்டு திருத்தித் தருவாங்க. கிடாரத்தைத் தூக்காதீங்க, இஸ்ஸோ வடைக்காரன் ஏறுவான், கச்சான்காரன் ஏறுவான், போற ஊர்ல முட்டித் தயிர் விக்கும். அவன்ட பிழைப்பும் நடக்கட்டும். கதவில தொங்கிப் படம் பிடிக்காதீங்க. பாறையும் கம்பமும் உங்களுக்காக ஒதுங்காது. சாப்பிட்ட கடதாசியை ஜன்னலால வீசுறவன் ஊர்ப் பேரை முதுகில போட வேணாம்.

இன்னொண்டு. டிசம்பர் 26 அன்றைக்குப் பாட்டுப் பெட்டியை மூடி வைங்க. 2004ல கடல் எழும்பினப்ப நாட்டிலயே கூடுதலான உயிர் போனது நம்மட அம்பாறை மாவட்டத்தில. அன்றைக்கு ஞாயிறு, போயாவும் சேர்ந்த நத்தார் லீவு. உங்களை மாதிரியே சிரிச்சுக்கொண்டு ஏறின சனம்தான் காலிப் பக்கம் பெரலியாவில கோச்சிக்குள்ள இருந்து போச்சு, ஆயிரத்துக்கும் மேல. காலையில 9.25க்கு நாடே ரெண்டு நிமிஷம் நிக்கும். கோச்சிக்குள்ள இருந்தாலும் வாயை மூடி ஒரு துஆக் கேளுங்க.

கடைசியா, விடியச் சாமம் எழும்பி உங்களுக்குப் புரியாணி ஆக்கித் தாற உம்மாமாரும் ராத்தாமாரும் இரிக்காங்களே, அவங்கள்ல எத்தனை பேர் கோச்சிக்குள்ள ஏறிப் பார்த்திருப்பாங்க? நீங்க போய் வந்து அவங்களுக்குக் குடுக்கிறது அழுக்கு உடுப்பும் அடிப்பிடிச்ச கிடாரமும். அதனால முப்பது பேர் எழுதின அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போடுங்க. எட்டுப் பேருக்குப் புதுசா எழுதுங்க, அதுல பாதி உம்மாமாராகட்டும். டிக்கட்டை மாஹோவுக்கு எடுங்க. எந்தக் கொமிட்டியாலயும் கொண்டு வர ஏலாத ஒழுங்கு, உம்மா ஒரு தரம் முறைச்சுப் பார்த்தா வந்திரும், கோச்சியும் தப்பாது.