ஆரணியைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்

1751 டிசம்பரில் ஆரணிப் பக்கம் ஒரு சண்டை. ராபர்ட் கிளைவும் மராட்டியக் குதிரைகளும் ஒரு பக்கம். சந்தா சாகிப் மகனும் அவருக்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரர்களும் எதிர்ப்பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் தோற்று ஓடினார்கள். பாடப்புத்தகம் அத்தோடு மணியடித்து நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடும். அவர்கள் பிற்பாடு ஆரணியைப் பிடித்தே விட்டதை யாரும் சொல்வதில்லை.

அந்தக் காலத்தில் பிரான்சில் வோகான்சோன் என்றொரு கைகாரர். தின்று கழிக்கும் இயந்திர வாத்து செய்து பேர் வாங்கியவர். (கழித்ததெல்லாம் புருடா, முன்கூட்டியே உள்ளே அடைத்துவைத்த சரக்கு.) இவரல்லவோ ஆள் என்று அரசாங்கம் அவரைப் பட்டுத் தொழிலுக்கு மேற்பார்வை பார்க்க வைத்தது. 1745-ல் தானாக நெய்யும் தறி ஒன்றையும் செய்து பார்த்தார். லியோன் நெசவாளிகள் அவருக்குக் கொடுத்த சன்மானம் கல்லடி. அவர் விட்ட இடத்தில் 1804-ல் ஜோசப் மாரி ஜக்கார்ட் பிடித்துக்கொண்டு, துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறியின் தலையில் ஏற்றினார். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லையென்றால் படுத்துக் கிடக்கும். அதுவரை தறியில் கயிறு இழுத்து இழைகளைத் தூக்கிக்கொண்டிருந்த பையன் வீட்டுக்குப் போனான். அட்டையைப் பார்த்து இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் கணக்கு இயந்திரத்துக்கு யோசனை பிடித்தது தனிக் கதை.

ஒரு நாளும் ஆரணியைக் கண்ணால் பார்க்காத அந்த ஜக்கார்ட் இங்கே தறிக்குத் தறி பெட்டியாக உட்கார்ந்திருக்கிறார். முதலாளி ஆரணிக் கடையில். தறி ஒண்ணுபுரத்திலோ தேவிகாபுரத்திலோ ஒரு வீட்டுக்குள். பட்டு கர்நாடகத்து நூல், ஜரிகை சூரத்துச் சரக்கு. கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர் ஒருவர், அட்டை அடிப்பவர் இன்னொருவர். தூரத்தில் இருப்பவர்களையும் இயந்திரத்தையும் கட்டி மேய்ப்பது எப்படி என்று பெரிய ஓட்டல்களில் கருத்தரங்கு நடத்துகிறார்களே, அவர்கள் இந்தப் பக்கம் ஒரு பஸ் பிடித்து வரலாம்.

நெய்த சேலையைப் பற்றி முதலாளி போனில் கேட்பார்: "இன்னாப்பா, மயிலுக்கு ஒரு காலு தான் கீது?"

"அட்டை வுட்ட வழி மொதலாளி."

அட்டைக்காரரைக் கேட்டால் டிசைன்படிதான் அடித்தேன் என்பார். டிசைன்காரரோ கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுவார்: ரெண்டு காலோடு மயில் ஜம்மென்று நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஊசி ஒன்று சிக்கியிருக்கும். அதை அட்டை சொல்லாது, போனும் சொல்லாது. தறிக்குழியிலிருந்து எழுந்து, மேலே ஏறி, அதை நிமிர்த்துவது நெசவாளிதான்.

கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ஊசி நிமிர்த்தக் கணக்கில் பத்தி கிடையாது.