யாரிடம் சொல்ல வேண்டும்?

1993-இல் ஓசூர் சிப்காட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் எங்கள் லைனில் 32 பெண்கள் இருந்தோம். 32 பேருக்கும் சேர்த்து ஒரு கட்டை. உள்ளங்கை அகலத்தில் மரத்துண்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கோத்தது. சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்து மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் வேறு யாரோ போயிருக்கிறாள் என்று அர்த்தம். அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

தூரமான நாட்களில் ஒரே ஷிப்ட்டில் மூன்றாவது முறை கட்டையை எடுத்தால், சூப்பர்வைசர் வாயைத் திறக்க மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து காலையில் தண்ணீர் குடிக்காமலே வருவோம். லைனில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. ஒருத்திக்கு வந்தால் அடுத்தவள் சப்ஜா விதை ஊறவைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். வேலைக்குப் போகும் பெண் என்றால் இதெல்லாம் இருக்கும்தானே என்று நினைத்திருந்தோம்.

சேர்ந்த அன்று எனக்கு அரை மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். முடியை உள்ளே சொருகு, வளையலைக் கழற்று, ஸ்குரூ டிரைவரை இப்படிப் பிடி, டார்கெட் இத்தனை. அவ்வளவுதான். உண்மையான பயிற்சி மதியம் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. கெலமங்கலத்துப் பக்கத்து அக்கா ஒருத்தி தன் டிபன் பாக்ஸிலிருந்து களி உருண்டையில் பாதியைக் கிள்ளி என் மூடியில் வைத்தாள். வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “ஸ்டோர் ரூமுக்குத் தனியா வரச் சொன்னா போகாத கண்ணு. யாரையாவது கூடக் கூட்டிக்கிட்டுப் போ. யாரும் வரலேன்னா என்னைக் கூப்பிடு.” ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. அந்தக் கம்பெனியில் எங்களுக்கு இருந்த ஒரே புகார்க் குழு அந்த அக்காதான்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு ஓராண்டு முன்புதான், 1992-இல், ராஜஸ்தானில் பன்வாரி தேவிக்கு அந்தக் கொடுமை நடந்திருக்கிறது. அவர் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார் என்பதற்காக அவரைக் கூட்டாக வன்புணர்ந்தார்கள். தளிக்கு மேற்கே மலையோர ஊர்களில் என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த பெண்கள் சிலருக்குப் பதினைந்து வயதிலேயே கழுத்தில் தாலி ஏறிவிட்டது. அங்கே போய் ஒரு பெண் தடுத்திருந்தால் அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று என்னால் யோசித்துப் பார்க்க முடிகிறது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பைச் சொன்னது. வேலை செய்யும் இடத்தில் பெண்ணைத் தொல்லை செய்வது அவளுடைய அடிப்படை உரிமையைப் பறிப்பது என்றது. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார்க் குழு வேண்டும் என்றது. தீர்ப்பு வந்து பல வருடம் வரை அந்தப் பெயரே எங்கள் லைனுக்கு வந்து சேரவில்லை. கட்டை மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினோரு வருடம் அங்கே வேலை செய்துவிட்டு மகளிர் குழுப் பணிக்கு வந்தேன். இப்போது இரண்டு கம்பெனிகளில் உள் புகார்க் குழுவின் வெளி உறுப்பினராக இருக்கிறேன். 2013-இல் வந்த சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும். தலைமை ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்துவதும் முதலாளியின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அப்படி ஒரு பயிற்சிக்குச் சில மாதங்களுக்கு முன் போயிருந்தேன். ஏ.சி. ஹால், புரொஜெக்டர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். 90 பெண்கள், எல்லோருக்கும் ஒரே நீல நிறக் கோட்டு. பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். மீதிப் பேர் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம். இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல், நேராக அந்த ஹாலுக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் நல்ல பெண். விஷயம் தெரிந்தவர். ஆனால் திரையில் இருந்தது முழுக்க ஆங்கிலம். சமத்துவம் பற்றி ஒரு பக்கம், பன்மைத்துவம் பற்றி ஒரு பக்கம், மனநலம் பற்றி மூச்சை இழுத்து விடும் பயிற்சியோடு ஒரு பக்கம். கடைசியில் பத்துக் கேள்வி, போனில் டிக் அடித்தால் சான்றிதழ் வந்துவிடும்.

எனக்கு முன்வரிசையில் தளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பேச்சில் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் ஊரில் ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுவார்கள். சந்தைக்குப் போனால் மூன்றிலும் பேரம் பேசத் தெரிய வேண்டும். பயிற்சி முடிகிற நேரத்தில் அவள் பக்கத்தில் இருந்தவளிடம் கன்னடத்தில் கேட்டாள்: “யாரிகெ ஹேளபேக்கு?” யாரிடம் சொல்ல வேண்டும்? பக்கத்தில் இருந்தவள் உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. பத்துக் கேள்விகளுக்கும் அவள் சரியாக டிக் அடித்திருந்தாள்.

நான் எழுந்து கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குழு உறுப்பினர்களின் பெயர்ப்பலகை செக்யூரிட்டி அறைக்குப் பின்னால், தீயணைப்பு வாளிகளுக்கு மேலே, ஆங்கிலத்தில் இருந்தது. தலைவியின் பெயருக்கு எதிரே தலைமை அலுவலகத்து லேண்ட்லைன் எண். இரவு இரண்டு மணிக்கு லைனில் நிற்கிற பெண்ணுக்கு அந்த எண் எதற்கு ஆகும்? எச்.ஆரிடம் அன்றைக்கே சண்டை போட்டேன். இரண்டு வாரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று ஐந்து மொழியில் பலகை எழுதி, பெண்கள் உடை மாற்றும் அறையில் மாட்டினார்கள். ஷிப்ட்டுக்கு ஒரு பெண் உறுப்பினரின் செல்போன் எண்ணும் அதில் உண்டு. அடுத்த மாதமே இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அதுவரை அந்தக் கம்பெனியில் புகாரே வந்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல பயிற்சியை நான் பார்த்ததே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் அம்மா படித்த பயிற்சியைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை. 2004-இல் பிரியும் வரை நாங்கள் தர்மபுரிக்காரர்கள்.

வாரம் ஒரு சாயங்காலம், மாரியம்மன் கோயில் திண்ணையில் பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். முதல் விதி, ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். அதுவரை இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்று இருந்தவர்கள். எங்கள் அம்மா முதல் நாள் தன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டதை நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்றாவது வாரம் சத்தமாகச் சொன்னாள். அப்புறம் சிலேட்டில் கையெழுத்துப் பழகினாள். பேங்க்கில் மேனேஜர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசப் பழகினாள். குழுவில் ஒருத்தியைக் குடித்துவிட்டு வந்த புருஷன் அடித்த இரவில், பதினைந்து பெண்களும் லாந்தர் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, நின்றார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடி குறைந்தது.

குறை அங்கேயும் இருந்தது. ஊருக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு. ஒரே பாயில் உட்காரவில்லை. கம்பெனி பெஞ்சுதான் முதல்முதலில் எங்களை ஒன்றாக உட்கார வைத்தது. அப்போதும், “எந்த ஊரும்மா? ஊருக்குள்ளயா, வெளியிலயா?” என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். முப்பது வருடம் கழித்து ஒரு விடுதி அறையில் அதே கேள்வி அதே குரலில் என் காதில் விழுந்தது. அந்த ஏ.சி. ஹால் பயிற்சியின் நாற்பது சொச்சம் பக்கங்களில் சாதி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. ஓசூரில் நின்றுகொண்டு சமத்துவம் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் போவது தப்பு. பயிற்சியாளர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சமத்துவம், பன்மைத்துவம் என்ற சொற்கள் வருவதற்கு முன்பே எங்கள் பக்கம் நல்லது நடந்திருக்கிறது. டைட்டன் தொழிற்சாலை தொடக்கக் காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் யூனிபார்ம் போட்ட இளைஞர்கள் கைகளால் பேசிச் சிரித்துக்கொண்டு நிற்பதை நான் வேலைக்குப் போன புதிதில் பார்த்திருக்கிறேன். மைராடா தொண்டு நிறுவனமும் அதே டைட்டனும் கைகொடுத்து, கிராமத்துப் பெண்கள் தாங்களே உரிமையாளர்களாக இருந்து கைக்கடிகாரப் பட்டை கோக்கும் ‘மீடோ’ நிறுவனம் உருவானது. முதலாளி யார் என்று கேட்டால் “நாங்கதான்” என்று சொன்ன பெண்கள் அவர்கள்.

நலன் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் 21-இல் யோகா நடத்துகிறார்கள், மனநல ஆலோசகர் மாதம் ஒருமுறை வருகிறார். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு நலன் என்பது முதலில் பஸ். பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு நீக்கியபோது, பாதுகாப்பும் போக்குவரத்தும் கம்பெனியின் பொறுப்பு என்றும் சேர்த்தே சொன்னது. தளியிலிருந்து ஜவளகிரி போகிற சாலை காட்டை ஒட்டியது. ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டால், அங்கிருந்து வீடு வரைக்கும் அந்தப் பெண் இருட்டில் யானைக்கும் மனிதனுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டே நடக்க வேண்டும். ஊருக்குள் வந்து திரும்பும் சிறு வண்டி ஒன்று விட்டால், ஆலோசகரிடம் போக வேண்டிய பாதிப் பயம் தீரும்.

நலன் என்பது விடுதியும்தான். 2025 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் மறைகேமரா இருந்தது தெரிந்ததும், பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து இரவெல்லாம் உட்கார்ந்து போராடினார்கள். கேமரா வைத்ததாக அதே விடுதியில் தங்கியிருந்த பெண் ஒருத்தியைப் போலீஸ் கைது செய்தது. டி.வி.யில் அந்த முகங்களைப் பார்த்தேன். வீட்டைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்த பெண்கள், பாஷை தெரியாத ஊரில், தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அம்மாவின் பதினைந்து பேர் வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளாமல் இருந்திருக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஒரு தலித் இளம்பெண்ணை அவள் வேலை செய்த ஆலையின் சூப்பர்வைசரே கொன்றான். அதற்குப் பிறகு, பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் உலகத் துணி நிறுவனங்கள் வரை பேசி, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அங்கே வேலை செய்யும் பெண்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, தொல்லைகளைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பாலினத் தொல்லையோடு சாதித் தொல்லையையும் சேர்த்தே அந்த ஒப்பந்தம் பேசியது. களி உருண்டையைப் பிட்டுக் கொடுத்த எங்கள் அக்கா செய்த வேலைதான் அது. அவளுக்குப் பெயரும் பொறுப்பும் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறார்கள். ஓசூரிலும் இது முடியும். ஷிப்ட் நேரத்துக்குள், சம்பளத்தோடு, இருபது இருபது பேராக வட்டமாக உட்கார வைத்து, அவரவர் பாஷையில் பேசவிடுங்கள். புரொஜெக்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருந்தால், சம்பளம் ஏறியதா என்று கேட்கிற அதே போனில், புகார்க் குழுத் தலைவியின் பெயர் என்ன, அவருடைய எண் உன்னிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தெரியாது என்றால் கம்பெனிக்கே கூப்பிட்டுக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிட 181 இருக்கிறது. குழுத் தலைவி, மாவட்டக் குழு, 181 என்ற மூன்று எண்ணையும் இன்றைக்கே அவள் போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.