சும்மா பார்த்த ஊர்

லாஸ் வேகாஸில் பார்த்தவற்றில் என் மனதில் தங்கிய எதற்கும் நான் டிக்கெட் வாங்கியதில்லை. சூதாட்ட மேசை பக்கம் ஒதுங்காமலே அந்த ஊரை நேசிக்க முடியும் என்று நண்பர்களிடம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். நம்புகிறவர்கள் குறைவு. ஆனால் 1990-களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வேலைக்கு வந்து சேர்ந்த எங்களைப் போன்ற பையன்களுக்கு, வேகாஸ் என்றால் தெருவில் நடப்பதும் நின்று பார்ப்பதும்தான்.

நீண்ட வார இறுதி வந்தால் ஒரு வாடகைக் காரில் நெருக்கியடித்து ஏறிக்கொள்வோம். 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 430 கிலோமீட்டர். வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானி நிற்கும். பக்கத்து டெத் வேலியில் 1913-இல் பதிவான 134 டிகிரி பாரன்ஹீட் வெயிலின் நினைவாகக் கட்டியது. அங்கே இறங்கிப் புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தால் அடுத்த நிறுத்தம் வேகாஸ். மாதச் சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்விடும். மலிவான மோட்டல் அறை, பஃபே சாப்பாடு, இரண்டுக்கும் போக மிஞ்சுவது பெட்ரோலுக்குத்தான். கையில் காசு இல்லாதது அந்த ஊரில் ஒரு குறையாகவே தெரியவில்லை. அன்றைய வேகாஸ் அப்படி இருந்தது.

அப்படி இருந்ததற்கு ஒரு காரணமும் ஒரு தேதியும் உண்டு. 1989 நவம்பர் 22-ஆம் தேதி ஸ்டீவ் வின் என்பவர் மிராஜ் ஹோட்டலைத் திறந்தார். நடைபாதையை ஒட்டி, ஏரிக்கு நடுவே ஓர் எரிமலையைக் கட்டினார். இருட்டிய பிறகு குறித்த நேரங்களில் அது வெடிக்கும். எரிவாயுவில் நெருப்பு கொழுந்துவிட்டு எழும்பும், தண்ணீர் சிவந்து வழியும். எரிவாயுவின் நாற்றம் தெரியாமலிருக்க அன்னாசியும் தேங்காயும் கலந்த பீன்யா கொலாடா வாசனையைச் சேர்த்திருந்தார்கள். தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் நிற்கலாம், பார்க்கலாம். கூட்டம் நிற்கும், வேடிக்கை முடிந்ததும் அதில் ஒரு பகுதி உள்ளே நுழையும், நுழைந்தவர்களில் சிலர் ஆடுவார்கள். கணக்கு அவ்வளவுதான். அது பலித்ததும் பக்கத்து ஹோட்டல்களும் அதே வழியில் இறங்கின. 1993-இல் ட்ரெஷர் ஐலண்ட் வாசலில் நிஜக் கப்பல் அளவுக்கு இரண்டு கப்பல்கள் வந்தன. கடற்கொள்ளையரும் பிரிட்டிஷ் படையும் பீரங்கியால் சுட்டுக்கொள்வார்கள், பிரிட்டிஷ் கப்பல் தளபதியோடு சேர்ந்து மூழ்கும், அடுத்த காட்சிக்கு மறுபடி மேலே வரும். எம்ஜிஎம் கிராண்டில் கண்ணாடிக்குப் பின்னால் சிங்கங்கள். ரியோவில் தலைக்கு மேலே மிதந்து செல்லும் அலங்கார மேடைகள். எதற்கும் கட்டணம் இல்லை.

அது தூண்டில்தான் என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை, தூண்டில்தான். ஆனால் அந்த நடைபாதையில் யார் யார் நின்றார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்து வேலை முடிந்து குழந்தைகளைக் கூட்டிவந்த தாய்மார்கள், தள்ளுவண்டியோடு மெக்சிகோ குடும்பங்கள், பேரன் கையைப் பிடித்த பிலிப்பைன்ஸ் பாட்டிகள், மாலை நேர உடையில் கோடீஸ்வரர்கள், நாங்கள். தேரோட்டத்தன்று ரத வீதியில் நிற்கிற மாதிரி எல்லோரும் ஒரே பக்கம் முகத்தைத் தூக்கி நின்றோம். அமெரிக்காவில் பணக்காரரும் ஏழையும் ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியைப் பார்க்கும் சந்தர்ப்பங்கள் அதிகம் கிடையாது. விளையாட்டரங்கத்தில்கூட இருக்கையின் விலை ஆளைப் பிரித்துவிடும். லாபத்துக்காகக் கட்டியதாக இருக்கட்டும், அந்தத் தெரு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

2009 கோடையில் அப்பாவும் அம்மாவும் பரமக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் மிராஜ் தன் எரிமலையைப் புதுப்பித்திருந்தது. கூட்டத்தில் இடம் பிடித்ததும் அப்பா கேட்டார்: “டிக்கெட் எங்கடா குடுக்கிறாங்க?” “சும்மாதான்ப்பா, நில்லுங்க” என்றேன். முதலில் தாள ஒலி எழுந்தது. நெருப்பு கிளம்பும் முன்பே அப்பா தலையைச் சாய்த்துவிட்டார். “இது நம்ம தபலா சத்தம்டா.” வானொலிக் கச்சேரிகளை வருடக்கணக்காகக் கேட்டு வளர்ந்த காது. அறைக்குத் திரும்பித் தேடிப் பார்த்தேன். அந்தப் புதிய எரிமலைக்கு இசை அமைத்தவர்கள் கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டும் உஸ்தாத் ஜாகிர் ஹுசைனும். இவர்கள் இருவரும் முன்பே 1991-இல் ‘பிளானட் டிரம்’ என்ற இசைத்தொகுப்பில் சேர்ந்தவர்கள். அதில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமையை என்னால் எழுத முடியவில்லை. மறுநாள் இரவும் அங்கேயே போக வேண்டும் என்றார். போனோம்.

அம்மாவின் கேள்வி வேறு மாதிரி. பெலாஜியோ ஹோட்டலின் நீரூற்று ஏரிக்கு முன்னால் நின்றோம். எட்டரை ஏக்கர் ஏரி, 1,200-க்கும் மேற்பட்ட பீச்சுக் குழாய்கள், சில பீச்சுகள் 460 அடி வரை எழும்பும். பாட்டுக்கு ஏற்றபடி நீர் வளைந்து, நிமிர்ந்து, வெடித்து விழுந்தது. அம்மா ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், குடத்தோடு நடந்து வளர்ந்தவர். “ஏம்ப்பா, பாலைவனத்துல இருந்துக்கிட்டு தண்ணிய இப்புடியா எறைப்பாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நீர், ஊருக்கு நீர் தரும் மீட் ஏரியிலிருந்து வருவதில்லை. பெலாஜியோ இருக்கும் இடத்தில் முன்பு ட்யூன்ஸ் என்ற ஹோட்டல் இருந்தது. அதன் கோல்ஃப் புல்வெளிக்குப் பாய்ச்சிய பழைய கிணற்று நீர்தான் ஏரியை நிரப்புகிறது. நகரத்தில் வீட்டுக்குள் புழங்கும் நீரும் ஏறக்குறைய முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு மீட் ஏரிக்கே திரும்புகிறது. அந்த ஊரின் நீரை அதிகம் குடித்தவை புல்வெளிகள்தான். இதையெல்லாம் சொன்னேன். அம்மா பாதி சமாதானம் ஆனார். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை, வெயிலில் ஆவியாகிப் போகும் நீர் போனது போனதுதான். ஆனாலும் அடுத்த கால் மணி நேரத்தில் மறுபடி பாட்டு தொடங்கியபோது, நகராமல் நின்றவர் அவர்தான்.

அந்த ஊரில் இலவசமாகக் காட்டியதெல்லாம் குற்றமற்றதாக இருந்ததில்லை. 1951-இலிருந்து வேகாஸுக்கு வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் அமெரிக்க அரசு அணுகுண்டுகளை வெட்டவெளியில் வெடித்துச் சோதித்தது. விடியற்காலையில் மக்கள் ஹோட்டல் மாடிகளில் கூடி, காளான் மேகத்தைக் கண்ணாரப் பார்த்தார்கள். காற்று வீசிய திசையில், நெவாடாவிலும் யூட்டாவிலும் வாழ்ந்தவர்களில் பலருக்குப் புற்றுநோய் வந்தது. 1990-இல்தான் அவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வந்தது. எரிமலையையும் நீரூற்றையும் கொண்டாடும்போது இதையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு வருகிறேன். சூதாட்டத்தில் வரும் வருமானத்தைவிட அறை, சாப்பாடு, மேடை நிகழ்ச்சி, கடை ஆகியவற்றில் வரும் வருமானம் அந்தத் தெருவில் அதிகமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆடுகளத்துக்கு ஆள் இழுப்பதற்காக மற்றதை மலிவாகவும் இலவசமாகவும் கொடுத்த காலம் போய்விட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியே சம்பாதிக்க வேண்டும் என்றாகிவிட்டது. எம்ஜிஎம்மின் சிங்கங்கள் 2012-இல் வெளியேறின. ட்ரெஷர் ஐலண்டின் கப்பல் சண்டையும் ரியோவின் மிதக்கும் மேடைகளும் 2013-இல் நின்றன. 2016-இல் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் தன் ஹோட்டல்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கத் தொடங்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். வெளியூர்க்காரர்களைவிட இது உள்ளூர்க் குடும்பங்களைத்தான் அதிகம் தள்ளி வைத்தது. ஞாயிறு மாலை குழந்தைகளை நீரூற்றுக்குக் கூட்டிப் போக, நிறுத்தவே காசு என்றால் யார் போவார்கள்? ஒரு ஹோட்டலில் அறை வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று எங்களிடமும் வசூலித்தார்கள். நாங்கள் கால் வைக்காத நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் சேர்த்த கட்டணம் அது.

மிராஜ் 2024 ஜூலை 17-ஆம் தேதி மூடப்பட்டது. அந்த இடத்தில் கிதார் வடிவக் கோபுரம் எழும்புகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் ஹுசைனும் மறைந்தார். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அந்த மலைக்கு வாசிச்சவராடா?” என்றார்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறு இடத்தில். வேகாஸின் புகழ்பெற்ற தெரு, சட்டப்படி லாஸ் வேகாஸ் மாநகராட்சிக்குள் இல்லை. பெரும்பகுதி பாரடைஸ் என்ற பகுதியில் வருகிறது, ஆள்வது கிளார்க் கவுண்டி. 2023 நவம்பரில் நடந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்காக பெலாஜியோ முன்னால் இருந்த மரங்களை வெட்டினார்கள். ஏரிக்கரையில் டிக்கெட் வாங்கியவர்களுக்கான மேடை எழும்பியது. பாதசாரி மேம்பாலங்களில் பார்வையை மறைக்கும் ஒட்டுத்தாளை ஒட்டினார்கள். அதற்கு அடுத்து, 2024 ஜனவரி 2 அன்று, அந்த மேம்பாலங்களில் நிற்பதையே குற்றமாக்கும் விதியைக் கவுண்டி நிறைவேற்றியது. 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. பாலத்தின் இரு முனைகளையும் ஒட்டிய 20 அடிக்கும் அது பொருந்தும். பாதுகாப்புக்காக என்றார்கள். நெரிசலில் விபத்து நடக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பாலத்தை அகலமாக்கலாம், காவலரை நிறுத்தலாம். நின்று பார்ப்பதற்காகவே உலகம் முழுவதும் வந்து சேரும் தெருவில் நிற்பதைக் குற்றமாக்குவது அநியாயம். சிவில் உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யூ.வின் நெவாடா கிளை இதை எதிர்த்து வழக்குப் போட்டது. போட்டவர்களுக்கு என் நன்றி.

இருப்பதைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. நீரூற்று இன்றும் கட்டணமில்லாமல் ஆடுகிறது. பெலாஜியோவின் முகப்புக் கூடத்தில் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி வடிவமைத்த சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள் கூரையில் தொங்குகின்றன. அதன் பின்னால் பருவத்துக்கு ஒரு தோட்டம். ஃபிளமிங்கோ ஹோட்டலின் முற்றத்தில் பூநாரைகள். 2023-இல் வந்த ஸ்ஃபியர் என்ற பெரிய கோளத்துக்குள் போக டிக்கெட் எக்கச்சக்கம். வெளிப்புறத்தைத் தூரத்திலிருந்து யாரும் பார்க்கலாம். பாதி நேரம் அது விளம்பரப் பலகைதான். ஆனால் அந்தி நேரத்தில் அது முழு நிலவாக மாறும்போது பார்க்க வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் தம்பி குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. அவனுக்கு வழி எழுதி அனுப்பியிருக்கிறேன்: வாரநாளில் போ. பகலில் சர்க்கஸ் சர்க்கஸில் அந்தர ஆட்டம், 1968-இலிருந்து நடக்கும் இடம், காட்சி இன்னும் இலவசம். பிள்ளைகளோடு சூதாட்டத் தளத்தின் ஓரமாக நிற்காதே, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அங்கே தங்கக் கூடாது, கடந்து போகலாம். மாலையில் நீரூற்று, பாலத்திலிருந்து அல்ல, ஏரிக்கரைச் சுவரில் பிள்ளைகளை ஏற்றாமல் தோளில் உட்காரவைத்துக்கொண்டு. இரவு ஃப்ரீமான்ட் தெரு. 1995-இல் கூரை போட்ட பழைய நகரத் தெரு, சுமார் 1,500 அடி நீளம், கூரை முழுக்க இப்போது 4.93 கோடி எல்இடி விளக்குகள். அங்கே வண்டி வராது. பிள்ளைகளைக் கீழே இறக்கி விட்டுவிடலாம்.