எஸ்எஸ்டியியல்: அமெரிக்கத் தமிழர் பழைய லேப்டாப் புதுக்கும் முறைமைக்கு ஓர் உரை

அமெரிக்கத் தமிழர் வீடுகளில் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி பொருத்தும் வழக்கம் எக்காரணம் பற்றி நிகழ்கிறது? வேகம் குறைந்தமையால் என்பர் பொறியாளர். அது பொருந்தாது. என்னையெனின், எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் ஃப்ரிஸ்கோவிலும் அந்த லேப்டாப் வேகம் குறைந்த நிலையிலேயே அலமாரி மேல்தட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. ஒருவரும் ஸ்க்ரூட்ரைவரைத் தேடவில்லை. சென்னைக்கு டிக்கெட் போட்ட வாரத்தில்தான் தேடினார்கள். ஆகவே எஸ்எஸ்டிக்கு முதற்காரணம் விமான டிக்கெட்டே என்க.

அந்த லேப்டாப்பின் வரலாறு வீட்டுக்கு வீடு பெரிதாக மாறாது. நியூவார்க்கிலோ ரிச்சர்ட்சனிலோ எம்எஸ் படிக்க வந்தபோது வாங்கியது. வேலை கிடைத்ததும் ஆபீஸ் லேப்டாப் வந்துவிடும்; அதைத் திறக்க ஐடி துறை விடாது. வீட்டு லேப்டாப் மனைவிக்குப் போய், பிள்ளையின் ஸூம் வகுப்புக்குப் போய், பின் மேல்தட்டு ஏறும். அங்கிருந்து அதற்கு மிச்சமுள்ள ஒரே பதவி, ஊரில் அப்பாவின் மேசை. முன்பு ஸ்கைப் பேசக் கொடுத்தார்கள். ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. இப்போது யூடியூபில் கும்பாபிஷேகம் பார்க்கவும் பட்டா, சிட்டா எடுக்கவும் என்று காரணம் திருத்தப்பட்டுள்ளது.

பே ஏரியாத் தமிழருக்கு இதில் தனிப் பெருமை உண்டு. உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் பிறந்தது அவர்கள் ஊரில்தான். 1956இல் சான் ஹோசேயில் ஐபிஎம் செய்த அந்தச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைபேசி எடுக்கும் பெருமாள் படம் ஒன்றிரண்டுக்கு மேல் அதில் அடங்குவது கடினம். அதே வட்டாரத்தில் 1988இல் ஏலி ஹராரி, சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் மூவரும் தொடங்கிய சன்டிஸ்க் (பிற்காலத்து சான்டிஸ்க்), 1991இல் ஐபிஎம்முக்கு 20 மெகாபைட் எஸ்எஸ்டி ஒன்றை ஏறத்தாழ ஆயிரம் டாலருக்குக் கொடுத்தது. இன்று சில பத்து டாலர்களில் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கிடைக்கிறது. அப்படியிருந்தும் கூப்பன் தேடாமல் வாங்குவார் இலர்.

இனி இயக்கம். லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். வேண்டிய தகவல் படிக்கும் முள்ளின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 5.6 மில்லி விநாடி. அதற்கு முன் முள் அந்தத் தடத்துக்கு நகர வேறு பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி. விண்டோஸ் கண்விழிக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கியாக வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றும் இல்லை, முள்ளும் இல்லை. மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மிகப் பழைய லேப்டாப்பில் உள்ளது நொடிக்கு 3 கிகாபிட் சாட்டா இணைப்பு, எஸ்எஸ்டியோ 6 கிகாபிட்டுக்கு உரியது, பாதி வேகம் வீண் அன்றோ எனின், அற்றன்று. வீணாவது பெரிய கோப்புகளை நகலெடுக்கும் வேகம். அப்பா எதையும் நகலெடுப்பதில்லை.

பொருத்தும் நாள் ஞாயிறு, இடம் சாப்பாட்டு மேசை. ஹார்ட் டிஸ்க் கொண்ட 2012ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோவை எடுத்துக்கொள்வோம். அடிப்பலகையில் பத்து ஸ்க்ரூ; மூன்று நீளம், மற்றவை குட்டை. இவற்றைக் கலக்காமல் வைக்கத் தமிழன் கண்ட கருவி இட்லித் தட்டு. குழிக்கு ஒரு வகையாகப் போடலாம். ஆனால் தட்டில் துளை உண்டு, ஸ்க்ரூவோ எள்ளளவு. ஆதலால் இட்லித் துணியை விரித்தே போடுக. உள்ளே டிஸ்கின் பக்கங்களில் நான்கு முளைகள். அவை நட்சத்திர வாய் கொண்ட டி6 டார்க்ஸுக்கு மட்டுமே கட்டுப்படும். வீட்டில் இருப்பது கட்டிலோடு வந்த ஐக்கியா சாவி. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், ஸ்க்ரூட்ரைவர் செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எந்த ஊரிலும் அகப்படுவார். அவர் செட்டோடு தாமும் வருவார், சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

நியூ ஜெர்சிக்கு மட்டும் ஒரு சிறப்புவிதி. ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டில் சாக்ஸ் காலோடு கம்பளத்தில் நடந்து வந்து சர்க்யூட்டைத் தொடலாகாது; முதலில் உலோகம் ஏதேனும் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்குக. சென்னை மே மாதத்தில் இவ்விதிக்கு வேலை குறைவு. அங்கே இறங்குவது வியர்வை.

தடிமன் பற்றியும் கூற வேண்டும். பல பழைய லேப்டாப்புகளின் இடம் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7. மிச்சம் ஆடும். பெட்டியிலேயே பிளாஸ்டிக் சட்டம் வந்தால் நன்று. வராவிடில் கல்யாணப் பத்திரிகை அட்டை.

விண்டோஸ் லேப்டாப்பானால், பழைய டிஸ்கில் உள்ளதைப் புதியதற்கு மாற்றுவதில் வைணவத்தில் போலவே இரு கலையார் உளர். மொத்தமாக க்ளோன் செய்வோர் தென்கலையார்: தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதுபோல் 2013இன் டூல்பார், காலாவதியான ஆன்டிவைரஸ் உட்பட எல்லாவற்றையும் கவ்விக்கொண்டு வருவர். புதிதாக விண்டோஸ் ஏற்றுவோர் வடகலையார்: குரங்குக் குட்டியாய் அவரவர் கோப்பை அவரவரே பற்றிக்கொள்ள வேண்டும், பற்றத் தவறியது போனதுதான். இவ்வுரையாசிரியன் வடகலைப் பக்கம். அப்பாவுக்கு டூல்பார் வேண்டா.

எல்லாம் முடிந்து பத்திருபது நொடியில் திரை வந்தபின் தெரியவருவது: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை வேண்டும். அண்ணன் மறுபடி அழைக்கப்படுவார். லினக்ஸ் மின்ட் போடப்படும். அண்ணன் மறுபடி சாப்பிடுவார்.

பயணத்துக்கு வருவோம். பதினெட்டு நிரம்பிய பயணி இந்தியாவுக்குள் ஒரு லேப்டாப்பைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். கணவன் பையில் ஆபீஸ் லேப்டாப் இருப்பதால் அப்பாவின் லேப்டாப் மனைவியின் கைப்பைக்கு வரும். அவ்வம்மையார் இங்கே மூன்று தடை எழுப்புவார். ‘‘ஏங்க, இந்தக் காசுக்கு ஊர்லயே புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்தா என்ன?’’ விடை: எஸ்எஸ்டி விலைக்குப் புது லேப்டாப் வராது. ‘‘மாமாதான் எல்லாத்தையும் போன்ல பாக்கறாரே?’’ விடை: திரை பெரிது. ‘‘கழட்டின ஹார்ட் டிஸ்கை என்ன பண்ணப் போறீங்க? டிராயர்ல ஏற்கெனவே நாலு கிடக்கு.’’

மூன்றாம் தடைக்கு உரையாசிரியர்கள் விடை கூறாது விட்டனர்.