சாத்தான்கிட்ட தாலியை வித்த சிலந்திப் பய

ஏ மருமவனே, சோறு திங்காமக் கெடந்தா மேரி ஜேன் திரும்பி வந்துருவாளால? காலையில காமராஜ் நகர் முக்குல உங்கம்மை என்னைப் புடிச்சு ஒரே புலம்பல். யாரோட கல்யாணமோ முறிஞ்சுட்டாம், பய மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கானாம். எந்தச் சொக்காரன் வீடோன்னு பதறிட்டேன். பாத்தா ஸ்பைடர்மேன்! அதுவும் 2007-ல முறிஞ்சது. இப்பவா துட்டி கேக்குத?

ஆனாலும் கதையைக் கேட்டேன். அவனுக்குக் குறிவச்ச குண்டு பெரியம்மா மே மேல பாஞ்சிட்டு. மெஃபிஸ்டோன்னு ஒரு சாத்தான் வந்து, 'கெழவி பொழைக்கணும்னா உங்க கல்யாணத்தைக் குடு'ன்னு கேக்கான். அவனும் பொஞ்சாதி மேரி ஜேனும் சம்மதிச்சாக. விடிஞ்சா, 1987-ல நடந்த கல்யாணம் நடக்கவே இல்ல. நம்ம பாந்த்ரா குடும்பக் கோர்ட்டுக்குப் புருசனும் பொஞ்சாதியும் ஒத்துக்கிட்டே போனாலும், மனுப் போட்டு ஆறு மாசம் காத்திருக்கணும். ஜட்ஜ் மனசு வச்சாத்தான் கொறையும். சாத்தான் கோர்ட்டுல வாய்தாவே கெடையாது பாரு.

ஸ்பைடர்மேன் புத்தகம் போடுத மார்வெல் கம்பெனியில அப்போ தலைமை ஆசிரியர் ஜோ கெசாடா. கல்யாணம் ஆனா பயலுக்கு வயசு தெரியுதாம். விவாகரத்துன்னு எழுதினா இன்னும் கெழடு தட்டுமாம். அதனாலதான் சாத்தானைக் கூட்டியாந்தாரு. படமும் அவரே போட்டாரு. கதை எழுதின ஸ்ட்ராசின்ஸ்கி, கடைசி ரெண்டு புத்தகத்துல எம்பேரை எடுத்துரலாமான்னு யோசிச்ச மனுசன். ரசிகர்கள் விடுவாங்களா? பொறுப்பு பொறுப்புன்னு ஊருக்குச் சொன்னவன், கெழவி சாவைத் தள்ளிப்போட பொஞ்சாதியைக் குடுத்தானேன்னு கேட்டாங்க பாரு, அந்தக் கேள்விக்கு இன்னைக்கும் பதில் இல்ல.

பேப்பர்ல தினமும் வந்த ஸ்பைடர்மேன் கதை வேற, அது ஸ்டான் லீ பேர்ல வந்தது. 2009 ஜனவரியில அங்கேயும் அவனைப் பிரம்மச்சாரி ஆக்கினாக. படிக்கிறவன் கத்தின கத்துல, மே மாசமே 'எல்லாம் கனவு'ன்னு சொல்லிப் பழையபடி தாலி கட்டிட்டாக. கத்தினாப் பலன் உண்டு மக்கா, எங்க கத்தணும்னு தெரியணும்.

நம்ம பம்பாய்க்குத் தெரியாததா? 2001-ல ஏக்தா கபூர் சீரியல்ல கதாநாயகன் மிஹிரைக் கொன்னாங்க. அவன் பொஞ்சாதி துளசி வெள்ளைச் சேலை கட்டினதுக்கு இந்தக் காட்கோபர் குஜராத்திப் பென்மாருங்க அழுத அழுகை இருக்கே! ஊரே ஒப்பாரி வச்சதுல செத்தவன் எழும்பி வந்துட்டான். காமிக்ஸ்லயே பாரு, ஃபேண்டம் 1977-ல டயானாவைக் கட்டினான், ரெட்டைப் புள்ளை பெத்தான். எவனும் அவனைக் கெழவன்னு சொல்லல. 2024-ல மார்வெலே வேற உலகம்னு சொல்லி, பொஞ்சாதியும் ரெண்டு புள்ளையுமா ஒரு ஸ்பைடர்மேனை விட்டுச்சு. அச்சடிக்க அச்சடிக்க வித்துச்சு.

வல்லப் பாக் லேன் தோசைக்காரன் சீஸைக் கொட்டுவான், சாக்லேட்டைக் கொட்டுவான். சுட்ட தோசையை மறுபடி மாவாக்கித் தாறேன்னு அவன்கூடச் சொல்லமாட்டான்.

சரி, நாயித்துக்கெழமை முலுண்டுல உனக்குப் பொண்ணு பாக்கப் போறோம். அடுத்தவன் கல்யாணத்துக்கு அழுதது போதும், தாடியை வழிச்சுட்டு வந்து நில்லு. விருப்பம் என்னன்னு பொண்ணோட அப்பா கேட்டா வாயத் தொறக்காத, நான் பேசிக்கிடுதேன்.